ஸ்வரம் பாடும் எஞ்சின்

கேள்வி: ஒஸ்ரியாவிலிருந்து மகன் அனுப்பிய வீடியோவில், ரயில் எஞ்சின் புறப்படும்போது சரளி வரிசை மாதிரி ஸ்வரம் ஏறுகிறது. ரெக்கோட் போடுகிறார்களா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: ரெக்கோட் இல்லை அக்கா, எஞ்சினேதான். சீமென்ஸ் செய்த ‘டாரஸ்’ மின் எஞ்சின் அது. மேல்கம்பி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்ற, உள்ளே தைரிஸ்டர்கள் என்ற மின்னணு சுவிட்சுகள் நொடிக்குப் பல நூறு தடவை திறந்து மூடும். அந்த அதிர்வுதான் காதில் விழுவது. புறப்படும்போது அந்த எண்ணிக்கை படிப்படியாக உயரும். எப்படியும் சத்தம் வரத்தான் போகிறது, ஸ்வரமாகவே வரட்டும் என்று அமைத்துவிட்டார்கள். குறும்புக்காரர்கள்!

ஜப்பானில் கெய்க்யூ கம்பனியின் 2100 வகை ரயில்களும் 1998 முதல் இப்படிப் பாடின. கருவிகளை மாற்ற மாற்ற ஒவ்வொன்றாய் ஊமையாகி, அந்தக் கம்பனியின் கடைசிப் பாடும் ரயிலும் 2021இல் ஓய்ந்தது.

மட்டக்களப்புக்கு வரும் நம் உதயதேவி டீசல். இரைச்சல் உண்டு, ராகம் கேட்காதீர்கள்.