லூவரில் இரண்டு மணி நேரம்: சுமேரியாவைப் பார்க்க லகாஷ் போதும்

கேள்வி: மகள் பாரிசில் இருக்கிறாள். விடுமுறைக்கு அங்கே போகிறோம். லூவர் அருங்காட்சியகத்தில் சுமேரியப் பொருள்களுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன். கூட வரும் பேத்திக்கு 11 வயது. எதை, எந்த வரிசையில் காட்டுவது? சுமேரியர் தமிழர்தான் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதைக் கேட்டால் என்ன சொல்வது?
– கோவை வாசகர் ஒருவர்

பதில்: சுமேரியா, அதாவது இன்றைய தெற்கு இராக்கில் இருந்த பழைய நாகரிகம், முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் கால்தான் வலிக்கும். ஒரே ஒரு நகர அரசைப் பிடித்துக்கொள்ளுங்கள்: லகாஷ். பள்ளிப் பாடத்தில் வருவது ஊர், உருக் என்ற பெயர்கள்தான். ஆனால் ஊர் நகரத்தின் அரச கல்லறைப் பொருள்கள் லண்டன், பாக்தாத், பிலடெல்பியா என்று பிரிந்து போய்விட்டன. லகாஷின் சிறந்த பொருள்களில் பல பாரிசில் இருக்கின்றன. பாஸ்ராவில் பிரெஞ்சுத் துணைத் தூதராக இருந்த எர்னஸ்ட் த சர்செக், 1877இல் தெற்கு இராக்கில் தெல்லோ என்ற மண்மேட்டைத் தோண்ட ஆரம்பித்ததுதான் காரணம்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. லகாஷ் அரசுக்குள் கிர்சு, லகாஷ், நினா என்று மூன்று பெரிய நகரங்கள். தெல்லோ என்பது கிர்சு. லகாஷ் நகரம் இருந்தது அல்-ஹிபா என்ற இடத்தில். விவரப் பலகையில் தெல்லோ, கிர்சு, லகாஷ் என்று எது இருந்தாலும் நில்லுங்கள், நம் சரக்குதான்.

செவ்வாய்க்கிழமை லூவர் விடுமுறை. டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். மெசப்பொத்தேமிய (பழங்கால இராக்) கூடங்கள் ரிஷ்லியூ பிரிவின் தரைத்தளத்தில். பாபிலோனிய அரசன் ஹம்முராபியின் சட்டக்கல், சிறகு வைத்த அசீரியக் காளைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். அவை பல நூற்றாண்டு பிந்தியவை. பேத்தி காளைகளை விட மாட்டாள். சரி, கடைசியில் பார்க்கலாம் என்று சொல்லி வையுங்கள்.

முதலில் ஊர்-நன்ஷே என்ற லகாஷ் அரசனின் சதுரச் சுண்ணாம்புக் கல் பலகை. நடுவில் ஓட்டை இருக்கும். காலம் ஏறக்குறைய கி.மு. 2500. அரசன் தலையில் கூடை சுமந்து நிற்கிறான். கோயில் கட்ட மண் சுமக்கிறானாம். எதிரே பிள்ளைகள் வரிசையாக, ஒவ்வொருவர் மேலும் அவரவர் பெயர். தில்முன் நாட்டுக் கப்பல்கள் தனக்கு மரம் கொண்டுவந்ததாகவும் அதில் எழுதி வைத்திருக்கிறான். தில்முன் என்றால் இன்றைய பஹ்ரைன் பக்கம். லகாஷ் நல்ல மரமோ கல்லோ கிடைக்காத வண்டல் மண் பூமி. இதைப் பேத்திக்குச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் புரியும்.

அடுத்து கழுகுத் தூண். மொத்த நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம். ஊர்-நன்ஷேயின் பேரன் எயன்னாத்தும், பக்கத்து நகரமான உம்மாவை வென்றதற்காக நட்ட வெற்றிக்கல் இது. முழுசாகக் கிடைக்கவில்லை, உடைந்த துண்டுகள்தான். சண்டை குஎதென்னா என்ற எல்லை வயல்வெளிக்காகவும் அதற்குப் பாயும் தண்ணீருக்காகவும். முன்பு கிஷ் நகர அரசன் மெசிலிம் நடுவராக இருந்து எல்லைக்கல் நட்டான். உம்மா அதைப் பிடுங்கிப் போட்டது.

ஒரு பக்கத்தில் லகாஷின் தெய்வம் நிங்கிர்சு, எதிரிகளை மீன் போல வலையில் அள்ளி வைத்திருக்கிறார். வலையிலிருந்து தலையை நீட்டும் ஒருவனைக் கதாயுதத்தால் அடிக்கிறார். மறுபக்கம் அரசன் முன்னே நடக்க, படை ஒரே சுவர் போல நிற்கிறது: கேடயங்கள், அவற்றுக்கிடையே ஈட்டிகள், காலடியில் பிணங்கள். மேலே வெட்டுண்ட தலைகளைக் கவ்விப் பறக்கும் கழுகுகள். இதைக் குழந்தைக்குக் காட்டலாமா என்பது உங்கள் முடிவு. என்னைக் கேட்டால் காட்டலாம். சினிமாவில் இதைவிட மோசமாகப் பார்க்கிறார்கள்.

கூடவே கல்லில் எழுதியிருக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லுங்கள். தோற்ற உம்மா அரசன் இனி எல்லை தாண்ட மாட்டேன் என்று தெய்வங்களின் வலைமேல் சத்தியம் செய்கிறான். எயன்னாத்தும் இரண்டு புறாக்களின் கண்ணுக்கு மை தீட்டி, அந்தத் தெய்வங்களுக்குச் செய்தியாக அனுப்புகிறான்.

சத்தியம் நிலைக்கவில்லை. எயன்னாத்துமின் தம்பி மகன் எந்தெமெனா, இந்தத் தகராறின் முழு வரலாற்றையும் ஒரு களிமண் கூம்பில் எழுதி வைத்தான். உம்மா தர வேண்டிய பார்லி பாக்கி, வட்டிக்கு வட்டி ஏறி யாராலும் கட்ட முடியாத தொகையானதும், அவர்கள் வாய்க்கால் தண்ணீரைத் திருப்பியதும் அதில் இருக்கின்றன. பார்க்கச் சாதாரணக் கூம்பு. பலர் கடந்து போய்விடுவார்கள். அவனுடைய வெள்ளிக் குடத்தை மட்டும் யாரும் விடுவதில்லை: செம்பு அடிப்பாகம், சிங்கத்தலைக் கழுகுகள் செதுக்கிய உடல்.

பின்னால் வந்த லகாஷ் அரசர் உருகாகினாவின் கூம்புகளுக்கு ஐந்து நிமிடம் போதும். உலகின் முதல் சீர்திருத்தவாதி என்று இவரைக் கொண்டாடுவார்கள். முன்பு பிணம் புதைக்க 7 ஜாடி பீரும் 420 ரொட்டியும் வாங்கினார்கள், அதை 3 ஜாடி, 80 ரொட்டி என்று குறைத்தேன் என்கிறார். நல்ல காரியம்தான். ஆனால் ராணியின் பொறுப்பில் இருந்த சொத்துகளைத் தெய்வத்துக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்லிவிட்டு, தன் மனைவியையே நிர்வாகத்தில் வைத்தார். அங்கே வேலையாட்கள் கூடத்தான் செய்தார்கள். தங்களைப் பற்றி அரசர்களே எழுதியதை முழுக்க நம்ப வேண்டாம். கடைசியில் உம்மாவின் அரசன் லுகல்சகேசி வந்து கோயில்களைக் கொளுத்தினான்.

இரண்டரை நூற்றாண்டு தாண்டி, கி.மு. 2120 வாக்கில், லகாஷை ஆண்ட குதேயா. கன்னங்கரேலென்று மினுங்கும் தியோரைட் என்ற கல்லில் செய்த சிலைகள், கைகோத்த நிலையில். தலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் சிலையைத் தேடுங்கள். மடியில் ஒரு பலகை. அதில் கோயில் மதிலின் வரைபடம், பக்கத்தில் அளவுகோல். இந்தச் சிலைக்குத் தினமும் ஏறக்குறைய ஒரு லிட்டர் பீர், அதே அளவு ரொட்டி படைக்க வேண்டும் என்று சிலையிலேயே எழுதியிருக்கிறது. குறைத்தால் சாபம்! கல் வந்தது மாகனிலிருந்து, அதாவது இன்றைய ஓமான் பக்கம். கோயில் கட்டச் சொல்லிக் கனவு வந்ததையும், படகேறி நன்ஷே தெய்வத்திடம் போய்ப் பலன் கேட்டதையும் இரண்டு பெரிய சுடுமண் உருளைகளில் எழுதி வைத்திருக்கிறார். சுமேரிய மொழியில் நமக்குக் கிடைத்த மிக நீளமான இலக்கியங்களில் ஒன்று அது.

இனி வாட்ஸ்அப் கேள்வி. சுமேரியம் எந்த மொழிக்குடும்பத்திலும் சேராத தனிமொழி. தமிழைப் போல ஒட்டுநிலை மொழிதான், அதாவது சொல்லோடு ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகும் மொழி. ஆனால் துருக்கியும் ஜப்பானியமும்கூட அப்படித்தான். நாலு சொல் ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாட முடியாது. அதனால் “இல்லை” என்றே பேத்தியிடம் சொல்லுங்கள்.

ஆனால் அதோடு விட வேண்டாம். குதேயாவின் கல்வெட்டில் மெலுஹா என்ற நாட்டிலிருந்து மரமும் பொன்னும் வந்ததாக இருக்கிறது. மெலுஹா என்பது சிந்துவெளி என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. குதேயாவுக்குப் பிந்திய களிமண் பலகைகளில், லகாஷ் பகுதியிலேயே ‘மெலுஹா கிராமம்’ ஒன்றும் அதன் தானியக் களஞ்சியமும் குறிப்பிடப்படுகின்றன. மெலுஹா மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் உருளை முத்திரையும் (ஈரக் களிமண்ணில் உருட்டிப் பதிப்பது) லூவரிடம் இருக்கிறது. அவர் பெயர் ஷூ-இலிஷு. சின்னப் பொருள், தேடினால்தான் கண்ணில் படும். லூவரின் இணையத் தொகுப்பில் ஒவ்வொரு பொருளும் இப்போது எந்தக் கூடத்தில் இருக்கிறது என்று போட்டிருப்பார்கள். போவதற்கு முந்தின நாள் பேத்தியையே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.