கசிய விட்டது யாரு, திட்டு வாங்குறது யாரு

கடிதம்:

அண்ணா வணக்கம். நீங்க கிரிக்கெட் பத்தி எழுதுறதை விடாம படிக்கிறவன் நான். ஒரு விஷயம் ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு. 2024-25 ஆஸ்திரேலியா டூர்ல மெல்போர்ன் டெஸ்ட் தோத்ததும் டிரெஸ்ஸிங் ரூம்ல கோச் கம்பீர் 'பஹுத் ஹோ கயா', அதாவது 'பொறுத்தது போதும்'னு சத்தம் போட்டது ரெண்டே நாள்ல இந்தியன் எக்ஸ்பிரஸ்ல வந்துடுச்சு. கேப்டன் ரோஹித் அடுத்த டெஸ்ட்ல, சிட்னில, ஆடமாட்டார்ங்கிறது டாஸுக்கு முந்தின நாளே வந்துச்சு. கோலி டெஸ்ட்டுக்கு குட்பை சொல்லப்போறார்ங்கிறது அவர் இன்ஸ்டாகிராம்ல போடுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துச்சு. எதுக்குண்ணா இவ்ளோ அவசரம்? கொஞ்சம் பொறுத்தா அவங்களே சொல்லப்போறாங்க. வீட்டுக்குள்ள நடக்குற சண்டையை தெருவுல வந்து சொல்ற மாதிரி இல்லையா இது? இப்படி எழுதுறவங்களை கிரிக்கெட் போர்டு கிரவுண்டுக்குள்ளயே விடக்கூடாதுன்னு நான் நினைக்கிறேன். இன்னொண்ணு, இவ்ளோ எழுதுறவங்க பிரஸ் மீட்ல நேருக்கு நேர் உக்காந்திருக்கும்போது மட்டும் ஏன் ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிறாங்க?
அன்புடன், ஈரோட்டில் இருந்து ஒரு வாசகர்

பதில்:

தம்பி, வணக்கம். நீங்க கேட்டதுல மூணு நாலு வேற வேற விஷயம் ஒண்ணா கலந்து கிடக்கு, அதை முதல்ல பிரிச்சிடுவோம்.

சிட்னியையே எடுத்துக்குவோம். 2025 ஜனவரி 2, டெஸ்ட்டுக்கு முந்தின நாள். கம்பீர் பிரஸ் மீட்டுக்கு வர்றாரு, டிரெஸ்ஸிங் ரூம்ல பேசினது டிரெஸ்ஸிங் ரூம்லயே இருக்கணும்னு சொல்றாரு, வந்ததெல்லாம் வெறும் ரிப்போர்ட்டு, உண்மை இல்லன்னும் சொல்றாரு. (இந்த ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னதுதான் எனக்கு வேடிக்கையா இருந்துச்சு, நடக்கவே இல்லைன்னா எது உள்ளயே இருக்கணும்?) ரோஹித் ஆடுறாரான்னு கேட்டா பிட்சை பாத்துட்டு நாளைக்கு சொல்றோம்னாரு. அன்னிக்கே, அதே கிரவுண்டுல, ஆஸ்திரேலியா கேப்டன் கம்மின்ஸ் உக்காந்து மார்ஷ் இல்ல, வெப்ஸ்டர் வர்றாரு, இதுதான் எங்க லெவன்னு மொத்தத்தையும் சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. ஆஸ்திரேலியாக்காரங்க டீம்ல இருந்து எதுவுமே கசியலன்னு நம்மாளுங்க பாராட்டுறாங்க, கசியறதுக்கு அங்க மிச்சம் என்ன இருக்கு? நம்ம பக்கம் கேப்டன் வெளிய உக்கார்றார்ங்கிற சேதியை மூடி வெச்சாங்க, அது சாயங்காலத்துக்குள்ள வெளிய வந்துடுச்சு, மறுநாள் ரோஹித்துக்கு பதிலா பும்ரா டாஸுக்கு வந்தாரு. அடுத்த நாள் லஞ்ச்ல ரோஹித்தே டிவில வந்து, பேட்ல ரன் வரல, நானே கோச்சுகிட்டயும் செலக்டர்கிட்டயும் சொல்லி ஒதுங்கிக்கிட்டேன்னு தெளிவா, மரியாதையா பேசினாரு. அதை ஜனவரி 2-ம் தேதியே சொல்லியிருந்தா எவனுக்கும் ஸ்கூப்பே, அதாவது முந்திக்கிட்டு போடுற நியூஸே, கிடைச்சிருக்காது.

அடுத்து உங்க வீட்டுச் சண்டை. சரி, வீடுன்னே வெச்சுக்குவோம். அந்த ரூமுக்குள்ள பத்திரிகைக்காரன் ஒருத்தன் கூட கிடையாது, ஆன்ட்டி கரப்ஷன் விதிப்படி உள்ள போன் கூட கொண்டு போக முடியாது. ப்ளேயர்ஸ், கோச், சப்போர்ட் ஸ்டாஃப், மேனேஜர், அவ்ளோதான். அப்போ தெருவுக்கு வந்து சொன்னது வீட்டு ஆளுங்கள்ல ஒருத்தர்தானே? 2005-ல ஜிம்பாப்வே டூர்ல அப்போ கோச்சா இருந்த கிரெக் சாப்பல் கேப்டன் கங்குலியைப் பத்தி போர்டுக்கு ஒரு மெயில் போட்டாரே ஞாபகம் இருக்கா, நீங்க சின்னப் பையனா இருந்திருப்பீங்க. அனுப்பினது கோச், வாங்கினது போர்டு, கொஞ்ச நாள்ல அது ஊர் பூரா பேப்பர்ல. நடுவுல யாரு இருந்தா? ஆனா கோவம் மட்டும் எப்பவுமே அதை அச்சடிச்சவன் மேலதான் வரும், ஏன்னா உள்ள இருக்கிற ஆளைத் தேடிப் போனா யாரு மாட்டுவான்னு அவங்களுக்கே பயம். அதுவும் போக, போர்டுக்கு எல்லா கசிவும் பிடிக்காதுன்னு நினைக்காதீங்க. ஒரு சீனியரை தூக்கப் போறாங்கன்னா ஒரு வாரம் முன்னாடியே 'போர்டு வட்டாரம் சொல்கிறது'ன்னு நியூஸ் வரும் பாருங்க, ஜனங்க எப்படி எடுத்துக்கிறாங்கன்னு ஆழம் பாக்குறதுக்கு. அதுக்கு யாரும் எந்த ரிப்போர்ட்டரையும் கூப்பிட்டு திட்ட மாட்டாங்க.

உண்மையிலயே ரகசியம் காப்பாத்தணும்னா காப்பாத்த முடியும். அதே டூர்ல அஸ்வின் ரிட்டயர் ஆனாரு, பிரிஸ்பேன்ல, 2024 டிசம்பர் 18. 537 விக்கெட் எடுத்த மனுஷன் சீரிஸ் நடுவுல போறாரு, ஒரு பேப்பர்லயும் முன்னாடி வரல. மழைக்கு ஆட்டம் நின்னப்போ கோலி அவரைக் கட்டிப்பிடிச்சதை டிவி கேமராதான் முதல்ல காட்டிக்குடுத்துச்சு, நம்மெல்லாம் வீட்டுல உக்காந்து ஏதோ நடக்குதுன்னு முழிச்சோம், கொஞ்ச நேரத்துல ரோஹித் பக்கத்துல உக்காந்து அவரே சொல்லிட்டாரு. சொல்ல வேண்டியதை சொல்ல வேண்டியவரே சொன்னதால யாருக்கும் மனவருத்தம் இல்ல. 

இப்போ நீங்க கேட்ட அவசரம். இதுல உங்க பக்கம் நியாயம் நிறைய இருக்கு. அமெரிக்காவுல என்பிஏங்கிற பாஸ்கெட்பால் லீக்ல டிராஃப்ட்னு ஒண்ணு நடக்கும், எந்த டீம் எந்தப் புதுப் பையனை எடுக்குதுன்னு கமிஷனர் மேடைக்கு வந்து பேரை வாசிப்பாரு, அதை டிவில காசு குடுத்து வாங்கி லைவ்வா போடுறாங்க. ஏட்ரியன் வோஜ்னரோவ்ஸ்கின்னு ஒரு ரிப்போர்ட்டர், கமிஷனர் மேடை ஏறுறதுக்குள்ள பேரை ட்விட்டர்ல போட்டு போட்டு பேர் வாங்கினவர். 2017-ல அவரை ஈஎஸ்பிஎன்னே வேலைக்கு எடுத்துக்கிச்சு. டிராஃப்ட்டை ஒளிபரப்புறதே அந்த சேனல்தான், சஸ்பென்ஸ் அவங்க சரக்கு, அதனால 2018 டிராஃப்ட்ல எங்க ஆளுங்க பேரை முன்கூட்டி சொல்ல மாட்டாங்கன்னு ஒப்பந்தம். இவர் என்ன பண்ணாரு, 'எடுக்கப் போறாங்க'ன்னு சொல்லல, இந்த டீம் இந்தப் பையன் மேலயே கண்ணா இருக்கு, லேக்கர்ஸ் டீமால இவனை விட முடியும்னு தோணல, இப்படி விதவிதமா சுத்தி வளைச்சு அத்தனையையும் சொல்லிட்டாரு. ஜனங்க டிராஃப்ட்டை விட்டுட்டு அடுத்து எந்த வார்த்தை போடப்போறார்னு பாத்துட்டு இருந்தாங்க. ரசிச்சேன், இல்லன்னு சொல்லல. ஆனா நாலு நிமிஷத்துல எப்படியும் தெரியப்போற பேரை நாலு நிமிஷம் முன்னாடி தெரிஞ்சுக்கிட்டு எனக்கு என்ன ஆகப்போகுது? கோலி விஷயமும் பாதி இதே கணக்குதான். அந்த மாதிரி ஸ்கூப் ரிப்போர்ட்டரோட பேருக்கு உதவும், படிக்கிறவனுக்கு சல்லிக்காசு பிரயோஜனம் இல்ல.

ஆனா தம்பி, 'பொறுத்தா அவங்களே சொல்லப்போறாங்க'ன்னு எழுதினீங்க பாருங்க, அது எல்லா இடத்துலயும் நடக்காது. பொறுத்துக்கிட்டே இருந்தாலும் வராத நியூஸ்னு ஒண்ணு இருக்கு, நான் ரிப்போர்ட்டருக்கு சப்போர்ட் பண்றது அதுக்காகத்தான்.

1994 செப்டம்பர், கொழும்பு. ஆஸ்திரேலியா டீம் சிங்கர் கப் ஆட வந்திருக்கு. 'ஜான்'னு மட்டும் பேரு சொன்ன ஒரு இந்திய புக்கி, அதாவது சூதாட்டப் பந்தயம் நடத்துறவன், மார்க் வாவுக்கு 4000 டாலர், ஷேன் வார்னுக்கு 5000 டாலர் குடுக்குறான். வாவ்கிட்ட பிட்ச் எப்படி, வானிலை எப்படின்னு நேராவே கேக்குறான், வார்ன்கிட்ட கேஸினோல தோத்தியே, வெச்சுக்கோன்னு அன்பளிப்பு மாதிரி குடுத்துட்டு அப்புறம் போன் போட்டு அதையே கேக்குறான். 1995 பிப்ரவரில இது அவங்க போர்டுக்கு தெரிய வருது. எப்படித் தெரிஞ்சுதுங்கிறீங்க? பாகிஸ்தான் கேப்டன் சலீம் மாலிக் எங்களுக்கு லஞ்சம் தர வந்தாருன்னு ஆஸ்திரேலியா ப்ளேயர்ஸ் சொன்ன விஷயத்தை சிட்னி மார்னிங் ஹெரால்டுல ஃபில் வில்கின்ஸ் உடைச்சாரு, அந்த சூட்டுல மேனேஜர் ப்ளேயர்ஸைக் கூப்பிட்டு விசாரிச்சப்போ இது வெளிய வந்துச்சு. அதாவது ஒரு ஸ்கூப் இல்லைன்னா போர்டுக்கே இது தெரிஞ்சிருக்காது. போர்டு வாவுக்கு 10,000, வார்னுக்கு 8,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு, உலக கிரிக்கெட் அமைப்பான ஐசிசியோட பெரியவங்க காதுல போட்டுச்சு, அதோட கதவைச் சாத்திடுச்சு. ஜனங்களுக்கு மூச்சு விடல. ஐசிசியும் விடல.

இதுக்கு நடுவுல நடந்ததுதான் எனக்கு இன்னிக்கும் ஆறல. 1998 அக்டோபர்ல பாகிஸ்தான் நீதிமன்ற விசாரணைக்காக ஆஸ்திரேலியா கேப்டன் மார்க் டெய்லரும் மார்க் வாவும் லாகூர்ல சாட்சி சொல்றாங்க, மாலிக் எங்ககிட்ட லஞ்சம் பேசினார்னு. அங்க உக்காந்திருக்கிற நீதிபதிக்கு, சாட்சி சொல்ற வாவே புக்கிகிட்ட காசு வாங்கி அபராதம் கட்டினவர்னு தெரியாது. ஆஸ்திரேலியா போர்டுக்குத் தெரியும், சொல்லல. ரெண்டு மாசம் கழிச்சு, டிசம்பர்ல, தி ஆஸ்திரேலியன் பேப்பரோட மால்கம் கான் இதை வெளிய கொண்டு வந்தாரு. அடிலெய்டு டெஸ்ட் தொடங்கப்போற நேரம், இங்கிலாந்தோட ஆடுற ஆஷஸ் சீரிஸ் வேற. வாவ் பேட்டிங் பண்ண நடந்து வரும்போது சொந்த நாட்டு ஜனமே கூச்சல் போட்டுச்சு, பிரதமர் ஜான் ஹோவர்ட் எனக்கு ரொம்ப ஏமாற்றமா இருக்குன்னு பேசினாரு, போர்டு வேற வழியில்லாம ராப் ஓ'ரீகன்னு ஒரு வக்கீலை வெச்சு விசாரிச்சுச்சு, அவர் அந்த அபராதம் பத்தவே பத்தாதுன்னு எழுதிக் குடுத்தாரு.

இப்போ உங்க அளவுகோலை இங்க வெச்சுப் பாருங்க. கான் எழுதினது டீமோட நிம்மதியைக் கெடுக்கல? கெடுத்துச்சு. வீட்டு விஷயம் இல்லையா? வீட்டு விஷயம்தான். போர்டே சொல்லட்டும்னு அவர் பொறுத்திருக்கலாமே? கிட்டத்தட்ட நாலு வருஷம் எல்லாரும் அறியாமலேயே பொறுத்துத்தான் இருந்தாங்க. அந்த நாலு வருஷத்துல புக்கிங்க எத்தனை ஹோட்டல் லாபில உக்காந்து எத்தனை பேருக்கு கவர் குடுத்தாங்கன்னு நமக்கு 2000 ஏப்ரல்ல டெல்லி போலீஸ் தென் ஆப்பிரிக்கா கேப்டன் ஹான்சி குரோன்யே புக்கிகிட்ட பேசின டேப்பை எடுத்து வெச்சப்பதான் கொஞ்சம் தெரிஞ்சுது. 1995-லயே ஊரறிய சொல்லியிருந்தா எல்லா நாட்டு ப்ளேயரும் அந்த 'ஜான்' மாதிரி ஆளைப் பாத்ததும் எழுந்து ஓடியிருப்பான்னு நான் நம்புறேன்.

நம்ம போர்டுக்கு வருவோம். 2018-ல மத்திய தகவல் ஆணையம் பிசிசிஐ, அதாவது நம்ம போர்டு, ஆர்டிஐங்கிற தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதுன்னு சொல்லிச்சு, போர்டு ஒத்துக்கல. 2025-ல விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்தப்பவும் அரசாங்கப் பணம் வாங்குற அமைப்புக்கு மட்டும்தான் ஆர்டிஐன்னு திருத்தம் போட்டுட்டாங்க, பிசிசிஐ அரசாங்கத்துக்கிட்ட பைசா வாங்குறதில்ல, கதை முடிஞ்சுது. ஒரு செலக்‌ஷன் மீட்டிங்ல என்ன நடந்துச்சுன்னு நீங்க மனு போட்டு கேக்க முடியாது. காண்ட்ராக்ட்ல இருக்கிற ப்ளேயர் போர்டைக் கேக்காம வாய் திறக்க முடியாது. அப்போ யாரோ ஒருத்தர் ரகசியமா சொல்றதைத் தவிர வேற எந்த வழில நமக்குத் தெரியும்?

இதைச் சொல்றதால பத்திரிகைக்காரங்க எல்லாம் உத்தமருங்கன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. அந்த மெல்போர்ன் நியூஸ் வந்து ரெண்டு வாரத்துல, டிரெஸ்ஸிங் ரூம் விஷயத்தைக் கசிய விட்டது ஒரு இளம் பேட்ஸ்மேன்தான்னு கோச்சே போர்டு மீட்டிங்ல சொன்னதா பேரோட நியூஸ் வந்துச்சு. அந்த மீட்டிங்கும் மூடின ரூம்தான். கசிய விட்டது யாருங்கிற சேதியே கசிஞ்சு வந்த சேதி. ஆதாரம் ஒண்ணும் கிடையாது, பையனால பதில் சொல்லவும் முடியாது, அவன் பேருல மட்டும் கறை. அதை எழுதினதுல எந்த வீரமும் இல்ல, மேல இருக்கிறவன் குடுத்ததை அப்படியே கீழ இருக்கிறவன் மேல கொட்டினது அது. 2022-ல ரித்திமான் சாஹா தனக்கு ஒரு பத்திரிகையாளர் பேட்டி கேட்டு மிரட்டலா அனுப்பின மெசேஜை வெளிய போட்டாரு, போர்டு விசாரிச்சு அந்த ஆளுக்கு ரெண்டு வருஷம் தடை போட்டுச்சு. அந்தத் தடை எனக்குச் சரின்னுதான் படுது, அங்க தண்டிச்சது ஒரு ப்ளேயரை நெருக்கினதுக்கு, நியூஸ் எழுதினதுக்கு இல்ல. 2023 டிசம்பர்ல இங்கிலாந்து ஃபுட்பால் கிளப் மான்செஸ்டர் யுனைடெட் பண்ணது வேற. அப்போ கோச்சா இருந்த டென் ஹாக் மேல ப்ளேயர்ஸுக்கு அதிருப்தின்னு எழுதினதும் நாலு மீடியா ஆளுங்களை பிரஸ் மீட்டுக்கு வராதேன்னு வெளிய நிறுத்திட்டாங்க, எழுதினதுக்காக இல்ல, முன்னாடி எங்ககிட்ட கருத்து கேக்கலன்னு காரணம் சொன்னாங்க. கருத்து கேக்கணும், அது சரிதான், கேக்காதது தப்புதான். அதுக்கு மறுப்பு குடுங்க, திருத்தம் போடச் சொல்லுங்க, எதுக்கு கதவைச் சாத்துறீங்க?

உங்க கடைசி கேள்விக்கு பதிலும் அந்தக் கதவுலதான் இருக்கு தம்பி. பிரஸ் மீட்ல ஏன் ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறாங்கன்னு கேட்டீங்க. உள்ள வர்றதுக்கான பாஸை சீரிஸுக்கு சீரிஸ் குடுக்கிறதே போர்டுதான். மைக் யாருக்குப் போகணும்னு முடிவு பண்றது டீமோட மீடியா மேனேஜர். ஒருத்தருக்கு ஒரு கேள்வி, மழுப்பலா பதில் வந்தா திரும்பிக் கேக்க விடமாட்டாங்க, அதுக்குள்ள மைக் அடுத்த ஆளுகிட்ட போயிடும். உருப்படியா ஒரு விஷயம் கையில இருக்கிறவன் அதை அங்க கேள்வியா கேட்டா பக்கத்துல இருக்கிற முப்பது பேருக்கும் ஓசில குடுத்த மாதிரி ஆகும், பதிலும் வராது, அடுத்த சீரிஸுக்கு பாஸ் வருமான்னு பயம் வேற. அதனால அங்க 'பிட்ச் எப்படி இருக்கு'ன்னு கேட்டுட்டு, ராத்திரி ஹோட்டலுக்குப் போய் போன் போடுறான்.