நுண்துகள் கட்டியாகிறதா? வெப்பமானியைப் பாருங்கள்

கேள்வி (கிளிநொச்சியிலிருந்து ஒரு மாணவர்): மருந்து ஏற்றுவதற்காக பிஎல்ஜிஏ (உடலில் சிதைந்து கரையும் பல்பகுதியம், அதாவது பொலிமர்) நுண்துகள்களைக் கரைப்பான் ஆவியாக்கும் முறையில் செய்கிறேன். நுணுக்குக்காட்டியில் நல்ல உருண்டைகளாகத் தெரிகின்றன. கழுவி உலர்த்தியதும் ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. துளிகள் ஒன்றோடொன்று சேராமல் காக்கும் பிவிஏயைக் கூட்டியும் பலனில்லை.

பதில்: பிவிஏயில் குறை இருந்திருந்தால் பால்மம் (நீரில் மிதக்கும் துளிகளின் கலவை) முதலிலேயே உடைந்திருக்கும். உங்கள் சிக்கல் சூடு. 50:50 பிஎல்ஜிஏ (லக்டிக், கிளைகோலிக் அமில அலகுகள் சமமாக உள்ள வகை) உலர்ந்த நிலையில் ஏறத்தாழ 45 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். நீரை உறிஞ்சியதும் அந்த எல்லை 30ஐ அண்டி இறங்கிவிடும். கரைப்பானான டைகுளோரோமெதேன் மிச்சமிருந்தால் இன்னும் கீழே. சோளகக் காலத்தில் ஏசி இல்லாத ஆய்வுகூடம் மதியத்தில் 33 பாகையைத் தாண்டும். மெழுகுபோல இளகிய துகளை மையநீக்கியில் வைத்து அமுக்கினால் ஒட்டாமல் என்ன செய்யும்?

200 மில்லிகிராம் பிஎல்ஜிஏயை 4 மில்லிலீற்றர் டைகுளோரோமெதேனில் கரையுங்கள். கண்ணாடிப் பாத்திரம்தான், பொலிஸ்டைரீன் குழாய் கரைந்துவிடும். 1 வீத பிவிஏ கரைசல் 100 மில்லிலீற்றர் முதல் நாளே தயாராக இருக்கட்டும்: குளிர்நீரில் தூவி, கலக்கியபடி 85 பாகையில் ஒரு மணிநேரம், பிறகு ஆறவைத்து வடிகட்டல். சூடான நீரில் நேரே கொட்டினால் கரையாத கட்டிகள் மிஞ்சும்.

பிவிஏ கரைசல் உள்ள முகவையை ஐஸ் தொட்டியில் வைத்து, பிஎல்ஜிஏ கரைசலை அதில் ஊற்றி 10–15 பாகையில் கலக்குங்கள். நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால் துகள்கள் பல பத்து மைக்ரோமீற்றர் அளவில் வரும். சில மைக்ரோமீற்றர் வேண்டுமென்றால் ஹோமோஜினைசர் (அதிவேகக் கலக்கி) தேவை. அரை மணிநேரத்தின் பின் 25 பாகைக்கு மேல் போகவிடாமல், நச்சுவளி உறிஞ்சும் அலுமாரிக்குள் 3–4 மணிநேரம் திறந்து கலக்குங்கள். இந்தக் கரைப்பான் 40 பாகையிலேயே கொதிக்கும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் துகளில் துளை விழுந்து மருந்து முன்கூட்டியே கசியும்.

கழுவ 4 பாகைக் காய்ச்சி வடித்த நீர், மூன்று முறை. துகள் 20 மைக்ரோமீற்றருக்கு மேலென்றால் மையநீக்கியே வேண்டாம். தானாக அடியில் படியவிட்டு மேல்நீரை இறுத்தால் போதும். கிணற்று நீர் ஆகாது, உப்பு படியும். உலர்த்த உறைய வைத்து உலர்த்தும் முறைதான். அடுப்புப் பக்கமே போகாதீர்கள்.

பிஎல்ஜிஏ மூலப்பொடிப் போத்தலை மைனஸ் 20 பாகையில் வையுங்கள். எடுத்ததும் திறக்காமல் அறைவெப்பநிலைக்கு வரவிடுங்கள். குளிர்ந்த பொடியில் வளியின் ஈரம் படிந்தால் பல்பகுதியச் சங்கிலி அறுபடத் தொடங்கும். மின்வெட்டில் உறைபெட்டி இளகி ஈரம் புகுந்த போத்தலும் அப்படித்தான்.

கை பழகத்தான் என்றால் பொலிகப்ரோலக்டோன் என்ற இன்னொரு பல்பகுதியத்தில் தொடங்கலாம். அது உருகுவது 60 பாகையில். வன்னி வெயிலில் ஒட்டாது. ஆனால் உடலில் கரைய ஈராண்டுக்கு மேலும் எடுக்கும், 50:50 பிஎல்ஜிஏக்கு ஓரிரு மாதம்.