நண்பன் டிக்கெட்டில் இன்னொரு நண்பன் போகலாமா?

கேள்வி: நானும் என் வகுப்புத் தோழனும் ஆளுக்கொரு முதுகுப் பையோடு ரயிலிலேயே கோவா வரை போய், தூத்சாகர் அருவியைப் பார்த்துவர ஆகஸ்ட் மாதத்துக்குத் திட்டம் போட்டோம். பெங்களூரிலிருந்து இருவருக்கும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் ஸ்லீப்பர் கன்ஃபர்ம் ஆகிவிட்டது. எங்கள் ஊர் ஏஜெண்ட்தான் எடுத்துக் கொடுத்தார். இப்போது தோழனுக்கு அரியர் தேர்வு அதே வாரத்தில் வந்துவிட்டது. அவனுக்குப் பதில் வேறொரு நண்பன் வருகிறான். பெயரை மாற்ற ஏஜெண்ட் 1,200 ரூபாய் கேட்கிறார். "மாணவர்களுக்கு விதிவிலக்கு உண்டு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அருவிக்கு எதிரிலேயே ரயில் நிற்கும், அங்கேயே இறங்கிவிடலாம் என்றும் சொல்கிறார். நம்பலாமா? (கல்லூரி மாணவர், ஓசூர்)

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம் தம்பி. பெயர் மாறாது. அங்கே இறங்கவும் முடியாது. 1,200 ரூபாயை எடுத்து நீட்டிவிடாதீர்கள்.

முதலில் டிக்கெட். கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற ரயில்வேயில் வழி உண்டுதான். ஆனால் அது குடும்பத்துக்குள் மட்டும். அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள், கணவன், மனைவி. அத்தோடு பட்டியல் முடிந்தது. மாமனார் இல்லை, மச்சான் இல்லை, சித்தப்பா மகன் இல்லை. பத்து வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட நண்பனும் இல்லை. அந்தக் குடும்பத்து ஆளுக்கே கூட, வண்டி கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பு, உறவுக்கான சான்றோடு முன்பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய் எழுதிக் கொடுத்தால்தான் மாறும். அதுவும் ஒரே ஒரு முறை. வீட்டில் உட்கார்ந்து போனில் மாற்றிவிடும் வேலையில்லை இது.

இனி, ஏஜெண்ட் சொன்ன மாணவர் விதிவிலக்கு. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் பாதி உண்மையை வைத்துக்கொண்டுதான் இவர்கள் பிழைக்கிறார்கள். விதி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தின் தலைவர், அதாவது உங்கள் கல்லூரி முதல்வர், வண்டி கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன்பு எழுத்தில் கேட்டால், ஒரு மாணவர் பெயரில் இருக்கும் இடத்தை அதே கல்லூரியின் இன்னொரு மாணவருக்கு மாற்றித் தரலாம். இது கல்விச் சுற்றுலா மாதிரிக் கூட்டமாகப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. நாற்பது பேர் கிளம்புகிறார்கள், இரண்டு பேருக்குக் காய்ச்சல், வேறு இரண்டு பேர் ஏறுகிறார்கள் என்ற கணக்கு. அதிலும் மொத்தக் குழுவில் 10 சதவீதத்துக்கு மேல் மாற்ற மாட்டார்கள். நாற்பது பேர் என்றால் நான்கு பேர். நீங்கள் இரண்டு பேர். இரண்டில் 10 சதவீதம் என்றால் ஆளில் ஐந்தில் ஒரு பங்கு. முழங்கால் வரை மாற்றித் தருவார்களோ என்னவோ! உங்கள் முதல்வர் லெட்டர்பேடில் கையெழுத்தே போட்டுக் கொடுத்தாலும், நீங்கள் ஊர் சுற்றப் போவதைக் கல்லூரிக் குழு என்று எழுதுவது பொய். அந்த லெட்டர்பேடை ஏஜெண்டே அடித்துக் கொண்டுவந்தால் அது பொய்யோடு நிற்காது, மோசடி வழக்கில் போய் முடியும்.

சரி, அப்படியென்றால் 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு என்னதான் செய்வார்? நான் 27 வருடம் டி.டி.ஆராக வண்டியில் சார்ட் (பயணிகள் பட்டியல்) பிடித்து நின்றவன். பார்த்ததைச் சொல்கிறேன். ஒன்றுமே செய்ய மாட்டார். "ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர் என்றால் ஒருத்தர் ஐ.டி. காட்டினால் போதும். நீ உன் கார்டைக் காட்டு, அவன் போர்த்திக்கொண்டு படுத்திருக்கட்டும்" என்று சொல்லி அனுப்புவார். ஒருவர் அசல் அடையாள அட்டையைக் காட்டினால் போதும் என்பது உண்மை. ஆனால் டி.டி.ஆருக்குச் சந்தேகம் வந்தால் மற்றவர் பெயரைக் கேட்பார், வயதைக் கேட்பார். ஒருமுறை இப்படித்தான், போர்வைக்குள்ளிருந்த பையனை எழுப்பி "உன் பெயர் என்னப்பா" என்றேன். அரைத் தூக்கத்தில் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டான். கூட வந்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான். மாட்டினால் டிக்கெட் இல்லாத பயணிதான். கட்டணத்தையும் வாங்குவார்கள், அதற்குமேல் அபராதமாக இன்னொரு கட்டணம் அல்லது 250 ரூபாய், எது அதிகமோ அதையும் வாங்குவார்கள். பெர்த்தும் போய்விடும். ஏஜெண்ட் அப்போது ஓசூரில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் வரிசை முக்கியம். அந்த டிக்கெட்டில் தோழன் பெயரை மட்டும் ரத்து செய்யலாம். உங்கள் பெர்த் அப்படியே இருக்கும். இணையத்தில் ரத்து செய்யும் பக்கத்தில் இரண்டு பெயரும் வரும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அவன் பெயருக்கு மட்டும் டிக் போட வேண்டும். அவசரத்தில் இரண்டுக்கும் போட்டுவிட்டு முழு டிக்கெட்டையும் இழந்தவர்கள் உண்டு.

ஆனால் அதற்கு முன்பு புதிய நண்பனுக்குத் தனியாக டிக்கெட் எடுங்கள். பலர் என்ன நினைக்கிறார்கள் என்றால், "நாங்கள் ஒரு இடத்தை விடுகிறோம், உடனே புக் செய்தால் அந்த இடம் எங்களுக்கே வரும்" என்று. வராது. கல்யாணப் பந்தியில் ஒருவர் எழுந்தால், இலைக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் உட்காருவார். வாசலில் நிற்கும் உங்கள் நண்பரைக் கூப்பிட்டு உட்கார வைக்க முடியாது. நீங்கள் விடும் இடமும் அப்படியே ஆர்.ஏ.சி. (முழு பெர்த் இன்னும் கிடைக்காமல், உட்கார இடம் மட்டும் உறுதியானவர்கள்) வரிசையின் முதல் ஆளுக்குப் போய்விடும்.

புதிய டிக்கெட் ஆர்.ஏ.சி.யில் கிடைத்தால் தைரியமாக ஏறலாம். பக்கவாட்டுக் கீழ் பெர்த்தில் பாதி இடம் உறுதி, இரவு உங்கள் பெர்த்தை மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்ளலாம். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றால் அது தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. 2025 மே மாதத்திலிருந்து இதில் கெடுபிடி அதிகம். கடைசி வழி தட்கல். வண்டி புறப்படும் நாளுக்கு முந்தைய நாள், ஸ்லீப்பருக்குக் காலை 11 மணி. ஆதார் இணைத்த கணக்கு வேண்டும், எனவே நண்பனை இன்றே இணைக்கச் சொல்லுங்கள். முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகள் தட்கல் எடுக்கவே முடியாது. ஆகவே "தட்கல் நான் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், எப்படி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கன்ஃபர்ம் ஆன தட்கலை ரத்து செய்தால் ஒரு பைசா வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்புறம் உங்கள் தோழனின் பணம். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டிக்கெட்டுக்கு யார் பணம் கட்டினாரோ அவர் கணக்குக்குத்தான் பணம் திரும்பும். கட்டியது ஏஜெண்ட். எனவே கையிலிருக்கும் டிக்கெட் பிரிண்டை எடுத்து அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஏஜெண்டின் விவரம் அச்சாகியிருந்தால் அவர் உரிமம் உள்ளவர். சேவைக் கட்டணமாக ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு அவர் 20 ரூபாய்தான் வாங்கலாம். எவ்வளவு கொடுத்தீர்கள்? அவர் ரத்து செய்யும்போது, திரும்பி வரும் தொகை எவ்வளவு என்ற தகவலும் ஓ.டி.பி.யும் டிக்கெட்டில் பதிந்த போன் எண்ணுக்கு வரும். பணத்தை வாங்கிக்கொண்டு அவரிடம் ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள். அந்த எண் உங்களுடையதா, அவருடையதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

ஏஜெண்ட் விவரத்துக்குப் பதில் "இது தனிநபர் கணக்கில் எடுத்த டிக்கெட், இதை விற்பதும் வாங்குவதும் ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவின்படி குற்றம்" என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தால், உங்கள் ஏஜெண்ட் ஏஜெண்டே இல்லை. தன் சொந்தக் கணக்கில் எடுத்து விற்றிருக்கிறார். அந்தப் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. அப்படிப்பட்ட கணக்குகளை முடக்கும்போது அதிலுள்ள டிக்கெட்டும் சேர்ந்து போகலாம். நீங்கள் ஸ்டேஷனில் பையோடு நிற்பீர்கள்.

நண்பனுக்கு மாற்றக் கூடாது என்று ஏன் இந்தக் கெடுபிடி என்றால், கற்பனைப் பெயர்களில் டிக்கெட்டை வளைத்துப் போட்டு விற்பவர்களைத் தடுக்கத்தான் என்பார்கள். நல்லது. ஆனால் பூட்டு போட்டது திருடனுக்கு, வாசலில் நிற்பது வீட்டுக்காரன். முன்பதிவு காலத்தை 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள், ஆதார் கேட்டார்கள், ஓ.டி.பி. கேட்டார்கள். ஏஜெண்ட் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. இத்தனைக்கும் பாதிப் பிரச்சினை, அந்தப் பொடி எழுத்து வரியைத் தமிழிலும் கன்னடத்திலும் பெரிதாக அடித்தாலே தீர்ந்துவிடும். பணியில் இருந்தபோது இதை நான் சொல்லாத கூட்டம் இல்லை. டீ கொடுத்தார்கள்.

இனி அருவி. தூத்சாகர் என்றால் பாற்கடல். மண்டோவி ஆறு நான்கு அடுக்காக 310 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அதன் குறுக்கே பாலம் போட்டு ரயில் போகிறது. கர்நாடகத்தின் காசில் ராக்கிலிருந்து கோவாவின் குளேம் வரை 26 கிலோமீட்டர், 37 அடி நகர்ந்தால் ஒரு அடி இறங்கும் சரிவு. ஏறும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ள பேங்கர் இன்ஜின்கள் வேண்டும். இறங்கும் வண்டி பிரேக்கைப் பிடித்துப் பிடித்து ஊர்ந்துதான் வரும். மழைக்காலத்தில் ஜன்னல் வழியே சாரல் உள்ளே அடிக்கும். சார்ட்டைக் காகிதத்தில் வைத்திருந்த காலத்தில் ஒருமுறை விடுமுறையில் அந்த வழியாகப் போனேன். அந்த வண்டி டி.டி.ஆர். சார்ட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எங்களோடு ஜன்னலோரம் வந்து நின்றார்.

தூத்சாகர் என்ற பெயரில் ஸ்டேஷன் பலகையும் உண்டு, வண்டி சில நேரம் நிற்பதும் உண்டு. அது சிக்னலுக்கும் இயக்கத் தேவைக்கும் நிற்பது, பயணி இறங்க அல்ல. 2023 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தடையை மீறி வந்த நூற்றுக்கணக்கான பேரைப் போலீஸார் தண்டவாளத்தில் மறித்துத் தோப்புக்கரணம் போட வைத்த வீடியோவை நீங்களே பார்த்திருப்பீர்கள். பெட்டிக்குள் இருந்தபடியே ரசியுங்கள் என்று தென்மேற்கு ரயில்வே அப்போது வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது. தண்டவாளத்தில் நடப்பதற்கு ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. "காசில் ராக்கில் இறங்கி நடக்கலாம், கைடு தருகிறேன்" என்று பேக்கேஜ் விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வழியில் சுரங்கப்பாதைகள். உள்ளே ஒதுங்க இடம் கம்மி. மழைச் சத்தத்தில் இன்ஜின் சத்தம் காதில் விழாது. சட்டத்தை விடுங்கள், உயிர் முக்கியம்.

முறையான வழி, குளேமில் இறங்கிக் காட்டு இலாகா அனுமதித்த ஜீப்பில் போவது. ஓடைகளைக் கடந்து காட்டுக்குள் ஒரு மணி நேரம் போல ஆகும். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். டிக்கெட்டைக் கவுண்டரில் மட்டும் வாங்குங்கள், பிளாட்பாரத்திலேயே வந்து கையைப் பிடிப்பவரிடம் வேண்டாம். ஆனால் மழைக்காலத்தில் இந்த ஜீப்புகள் ஓடாது, அக்டோபர் வாக்கில்தான் திறப்பார்கள். ஆகவே ஆகஸ்ட் என்றால் ஜன்னல் தரிசனம் மட்டும். தண்ணீர் என்னவோ அப்போதுதான் முழு வீச்சில் இருக்கும்.

அந்தத் தரிசனத்துக்கும் ஒரு நிபந்தனை. பெங்களூரிலிருந்து கோவா போகும் நேரடி வண்டியில் இந்த மலைச்சரிவை இரவில் கடப்பது உண்டு. டிக்கெட்டில் கிளம்பும் நேரத்தைப் பார்த்துப் பயனில்லை. கால அட்டவணையில் காசில் ராக், குளேம் இரண்டுக்கும் எதிரே உள்ள நேரத்தைப் பாருங்கள். இருட்டு என்றால் சத்தம் மட்டும்தான் கேட்கும். அப்படியானால் இருக்கிற டிக்கெட்டை விட்டுவிட்டு, இரவு வண்டியில் ஹூப்ளி போய், அங்கிருந்து பகலில் கோவாவுக்குப் போகும் வண்டி உள்ள நாளாகப் பார்த்து ஏறுங்கள். புதிதாக எடுக்கும்போது இருவர் பெயரும் ஒரே டிக்கெட்டில் வந்துவிடும், பெயர் மாற்றும் தலைவலியும் போய்விடும்.

என்னைக் கேட்டால் இன்னொன்றும் யோசிப்பேன். தோழனுக்கு அரியர் எப்போது முடிகிறது? அக்டோபருக்குத் தள்ளிப்போட்டால் ஜீப்பும் ஓடும், அருவியில் தண்ணீரும் மிச்சமிருக்கும், மூன்று பேருமே போகலாம். ஜீப்பில் ஏழு இடம். மீதி நான்கு பேர் குளேம் கவுண்டர் வரிசையிலேயே கிடைப்பார்கள்.