பெட்டிக்கடையும் 18 வயசும்: புகையிலை விற்பனை பற்றிய கேள்வி பதில்

பெருந்துறை மளிகைக்கடை: ஏனுங்ணா, பள்ளிக்கூடத்துல இருந்து நூறு கஜத்துக்குள்ள பீடி, சிகரெட் விக்கக் கூடாதுங்கறாங்க. அந்த நூறு கஜத்தை ரோட்டு வழியா அளக்கறதுங்களா? சந்து சுத்தி வந்தா எங்க கடை 400 அடி தாண்டுது.

பதில்: ரோட்டு வழி கணக்கில் வராதுங்க. பள்ளியின் வெளிச்சுவரில், இல்லையென்றால் வேலியில், உங்கள் கடைக்கு மிகப் பக்கமான இடத்திலிருந்து நேர்கோடு. 100 கஜம் என்பது 300 அடி, 91.44 மீட்டர். நடுவில் வீடு, வாய்க்கால் இருந்தாலும் கோடு அதன் மேலேயேதான் போகும். கேட்டிலிருந்து அளப்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள். கேட் அந்தப் பக்கம் இருக்கும், பின்சுவர் உங்கள் கடைக்குப் பக்கத்தில் இருக்கும். போன் மேப்பிலேயே தூரம் அளந்து பாருங்கள். எல்லையை ஒட்டி வந்தால் டேப் பிடித்து உறுதி செய்யுங்கள். உள்ளே வந்தால் பெரியவர்களுக்கும் விற்கக் கூடாது. கல்லூரிக்கும் இதே அளவுதான்.

கோபி: கடை இருபது வருசமா இருக்குது, பள்ளிக்கூடம் போன வருசம்தானே வந்துச்சு?

பதில்: பழைய கடைக்கென்று சட்டத்தில் விலக்கு இல்லை.

அவிநாசி: பனியன் கம்பெனிப் பசங்க மீசையோட வர்றாங்க. வயசு எப்படித் தெரியும்?

பதில்: மீசையும் சம்பளமும் வயசுக்குச் சாட்சி ஆகாது. வாங்கியவர் மைனர் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவர் தலையில்தான் விழும். சந்தேகம் வந்தால் கார்டைக் கேளுங்கள். வாக்காளர் அட்டை இருந்தால் 18 முடிந்துவிட்டது. சில ஆதாரில் பிறந்த வருடம் மட்டும்தான் இருக்கும். அப்போது கழித்துப் பார்த்து 18 வந்தால் போதாது, பிறந்தநாள் இன்னும் வராமல் இருக்கலாம். 19 வரவேண்டும். கார்டு இல்லையென்றால் பொருளும் இல்லை.

காங்கேயம்: அப்பாரு பீடிக்கட்டு வாங்கியாறச் சொல்லிப் பேரனை அனுப்பறாருங்க. பையனா குடிக்கப் போறான்?

பதில்: 2003 புகையிலைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, 18க்குக் கீழே உள்ள எவருக்கும் விற்காதே என்கிறது. யாருக்காக வாங்குகிறான் என்று அது பார்ப்பதில்லை.

சென்னிமலை: காங்கேயத்தார் கேட்டதுல என்ன தப்பு? ஊருக்குள்ள எல்லாரும் சொந்தம். மிஞ்சினா 200 ரூபாய் பைன்.

பதில்: அந்த 200 ரூபாயை நம்பித்தான் எல்லோரும் அசட்டையாக இருக்கிறார்கள். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவைப் படியுங்கள். குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். விற்பது என்றுகூட அதில் இல்லை, கொடுப்பது என்றுதான் இருக்கிறது. பத்து வயதில் கட்டு விலை தெரிந்த பையன் பதிமூன்றில் தனக்கென்று கேட்கக் கூச்சப்படமாட்டான். இது எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய கவலை.

காங்கேயம்: அப்பாருகிட்ட நான் போய்ச் சொல்லோணுங்களா? கோவிச்சுக்குவாரு.

பதில்: சொல்லத்தான் வேணுமுங்க. "கடைக்காரர் குடுக்கமாட்டேன்னுட்டாருன்னு சொல்லு சாமி" என்று காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்புங்கள். பிறகு அவரைப் போனில் கூப்பிடுங்கள். நடக்க முடியாதவர் என்றால் கடை சாத்திப் போகும்போது அவர் கையிலேயே கொடுங்கள்.

பல்லடம்: கடையில மாட்டற 18 வயசு போர்டு என்ன அளவு?

பதில்: குறைந்தது 60க்கு 30 செ.மீ. "18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருட்கள் விற்பது தண்டனைக்குரிய குற்றம்" என்று தமிழில் இருக்க வேண்டும். ஷாம்பு சரத்துக்குப் பின்னால் மாட்டினால் மாட்டாததற்குச் சமம். கம்பெனிக்காரர் தரும் விளம்பரப் பலகை இதற்கு ஈடாகாது.

பொள்ளாச்சி: ரோட்டு வழியா 110 மீட்டர் வருதுங்க, விக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

தாராபுரம்: சிகரெட்டுக்கு ஜிஎஸ்டி எத்தனை?

பதில்: ஆடிட்டரைக் கேளுங்க.

ஈரோடு: பள்ளிக்கூடம் விட்டதும் பதினாறு வயசு மகன் கல்லாவுல உக்காருவான்.

பதில்: உட்காரட்டும். ஆனால் புகையிலைப் பொருளை அவன் விற்கவும் கூடாது, எடுத்துக் கொடுக்கவும் கூடாது; அந்தப் புகையிலைச் சட்டத்தின் 2011 விதி அப்படி. அந்த நேரத்துக்கு அலமாரியைப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கடை முகப்பில், சின்னக் கைக்கு எட்டும் உயரத்தில் பாக்கெட்டை அடுக்காதீர்கள்.

கரூர்: குட்கா, மின்சிகரெட் 18 ஆனவங்களுக்கு விக்கலாமா?

பதில்: யாருக்கும் கூடாது. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013இல் தடை வந்தது. மின்சிகரெட்டுக்கு 2019இலிருந்து நாடு முழுக்கத் தடை. முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை.

உடுமலை: நூறு கஜம்னா கேட்டுல இருந்துதானே?

பதில்: சுவரிலிருந்து. நேர்கோட்டில். 300 அடி.