சாவியைத் திருப்பினால் 'டக்': பழைய பாப்கேட் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பழைய ஸ்கிட் ஸ்டியர் லோடர் (முன்னால் பக்கெட் வைத்த, மண் அள்ளும் சிறிய வண்டி) வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, முதுநகரில் வண்டி எலக்ட்ரிகல் வேலை பார்க்கும் ஒருவர் பதில் சொல்கிறார். எந்தக் கம்பெனி வண்டியானாலும் இங்கே அது பாப்கேட்தான்.

கடலூர் துறைமுகத்திலிருந்து: ஐயா, சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். செல்ஃப் சுற்றவில்லை. புது பேட்டரி போட்டும் அதே கதை. செல்ஃப் மோட்டாரையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பேட்டரிக்குச் செலவு செய்ததே முந்திக்கொண்ட வேலை. மோட்டாரையாவது மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு கழற்றுங்கள்.

பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது மோட்டார் இறுகிப்போய் மின்சாரத்தை விழுங்குகிறது. 12-லேயே நின்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவே இல்லை. எங்கே தடைபடுகிறது என்று தேட வேண்டும்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் தூண் மேலேயே வையுங்கள், கிளாம்ப் மேல் வேண்டாம். மறுமுனையைச் செல்ஃபில் பேட்டரி கேபிள் வந்து சேரும் தடித்த போல்ட்டில் வைத்து, சாவியைத் திருப்பும்போது பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளிலோ அதன் முனையில் இருக்கும் லக்கிலோ கோளாறு. அடுத்து நெகட்டிவ் தூணுக்கும் செல்ஃபின் உடம்புக்கும் இடையே இதே சோதனை. அங்கே 0.3-ஐத் தாண்டினால் எர்த் சரியில்லை. இரண்டிலும் ஒன்றும் காட்டவில்லையென்றால் செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சொலினாய்டின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கு நடுவே பாருங்கள். 'டக்' கேட்ட பிறகும் அங்கே 12 வோல்ட் நின்றால் உள்ளே காண்டாக்ட் கருகிவிட்டது. இதிலும் தப்பித்தால்தான் உள்ளே உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பனைப் பார்க்க மோட்டாரைக் கழற்ற வேண்டும்.

துறைமுகத்து வண்டி என்பதால் என் சந்தேகம் எர்த் மேல்தான். இஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேசிஸுக்கும் நடுவே ஓடும் எர்த் பட்டைதான் செல்ஃபின் மொத்த மின்சாரத்தையும் சுமக்கிறது. உப்புக் காற்றில் அந்த போல்ட்டுக்கு அடியில் துரு ஏறும், மேலே பெயின்ட் பளபளக்கும். கழற்றி, எமரித் தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முறுக்குங்கள். அதன் பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். கேபிள் முனையில் ரப்பரைக் கொஞ்சம் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சைப் பொடி இருந்தால் கேபிளையே மாற்றிவிடுங்கள்.

வில்லியனூரிலிருந்து: என் வண்டியில் சத்தமே வராது. இருக்கையிலிருந்து எழுந்து மறுபடி உட்கார்ந்தால் சில நேரம் ஸ்டார்ட் ஆகிறது.

பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இருக்கைக்கு அடியில் இருக்கும் சுவிட்ச், அல்லது அதன் ஒயர். சில மாடல்களில் அந்தச் சுவிட்ச் செல்ஃபையே தடுக்கும். சிலவற்றில் இஞ்சின் ஓடும், ஹைட்ராலிக் மட்டும் பூட்டிக்கொள்ளும். மடியில் இறங்கும் கம்பியின் சுவிட்சையும் சேர்த்துப் பாருங்கள். சோதனைக்கு மட்டும், பக்கெட்டைத் தூக்கும் வண்டியின் கைகளைத் தரையில் இறக்கிவைத்து, ஒரு நிமிடம் சுவிட்சைத் தவிர்த்து ஒயரை நேராக இணைத்துப் பார்க்கலாம். அப்படியே விட்டுவிட்டு வேலைக்கு அனுப்பாதீர்கள். இந்த வண்டியில் டிரைவர் பக்கெட்டைத் தாண்டி, இரண்டு கைகளுக்கும் நடுவே ஏறி இறங்குகிறார். இறங்கும்போது கால் பெடலில் பட்டால் அந்தச் சுவிட்ச்தான் அவர் உயிர்.

பண்ருட்டியிலிருந்து: அண்ணா, ஸ்க்ரூடிரைவரால் செல்ஃபைத் தொட்டால் உடனே சுற்றுகிறது. தினமும் அப்படித்தான் ஓட்டுகிறோம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன், தம்பி. இருக்கையில் ஆள் இல்லாமல் இஞ்சின் பிடிக்கிறது, லீவர் நியூட்ரலில் இல்லையென்றால் வண்டி உங்கள் மேலேயே வரும். ஆனால் அதிலிருந்து ஒரு தகவல் கிடைக்கிறது. தடித்த போல்ட்டுக்கும், சாவியிலிருந்து ஒயர் வரும் சிறிய முனைக்கும் நடுவே தொட்டுச் சுற்றினால் மோட்டாரும் சொலினாய்டும் நல்லபடியாக இருக்கின்றன. கோளாறு சாவி, பியூஸ், ரிலே, பாதுகாப்புச் சுவிட்ச் வரிசையில் இருக்கிறது. டெஸ்ட் லைட்டைச் சிறிய முனையில் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். எரியவில்லையென்றால் அங்கிருந்து சாவியை நோக்கிப் பின்னாலேயே போங்கள்.

பாகூரிலிருந்து: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை.

புகையைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. பம்பில் டீசலைத் திறந்து நிறுத்தும் ஸ்டாப் சொலினாய்டில் மின்சாரம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். பல வண்டிகளில் அதற்குள் இழுக்க ஒரு காயில், பிடித்துவைக்க ஒரு காயில் இருக்கும். பிடிக்கும் காயில் போனால் இஞ்சின் ஓடிச் சாவியை விட்டதும் நின்றுவிடும். வெள்ளைப் புகை வந்தும் பிடிக்கவில்லை, அதுவும் காலையில் மட்டும் என்றால், குளிர்ந்த இஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கில் கோளாறு. நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று ஒயரைக் கழற்றிவிட்டவர்கள் மார்கழியில் என்னைத் தேடி வருவார்கள்.

கடலூர் சிப்காட்டிலிருந்து: பேட்டரி இறங்கினால் டிப்பர் லாரியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுக்கலாமா?

கூடாது. பெரிய டிப்பர்கள் பெரும்பாலும் 24 வோல்ட், உங்கள் வண்டி 12. பல்பும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் போய்விடும், பேட்டரி வெடிக்கவும் வாய்ப்புண்டு. காரிலிருந்து கொடுங்கள்.

தென்பெண்ணைக் கரையிலிருந்து: 2024 ஃபெஞ்சல் வெள்ளத்தில் வண்டி மூழ்கியது. கழுவிக் காயவைத்தோம். ஒரு நாள் ஸ்டார்ட் ஆகிறது, ஒரு நாள் ஆவதில்லை.

வெயிலில் காய்ந்தது வெளிப்புறம்தான். செப்புக் கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் ஏறி, ரப்பருக்குள்ளேயே அரித்திருக்கும். ஒவ்வொரு கனெக்டரையும் பிரித்து, பச்சை பிடித்த பகுதியை நல்ல செம்பு வரும்வரை வெட்டி, புது டெர்மினல் போடுங்கள். செல்ஃபையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிச் சேற்றைத் துடைத்தாக வேண்டும். அரித்தது பல இடங்களில் இருந்தால், ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பதைவிட ஸ்டார்ட்டிங் ஒயரிங்கை முழுதாகப் புதிதாக இழுப்பது மலிவு.