வாய் ஓதுகிறது, மனம் ஓடுகிறது: சீக்கிய நெறி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: 'மனத்தை வென்றவன் உலகை வென்றவன்' என்று குருநானக் சொன்னதாகப் படித்தேன். நானும் அடக்கிப் பார்க்கிறேன். அடக்க அடக்கத் திமிறுகிறதே?

பதில்: திமிறத்தான் செய்யும். அந்த வரி, சீக்கியர்கள் காலையில் ஓதும் குருநானக்கின் ஜப்ஜி சாகிப்பில் 28-ஆம் பௌரியில், அதாவது பாடல் பத்தியில், இருக்கிறது. அது யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதைக் கவனியுங்கள். காதில் குண்டலம், உடம்பெல்லாம் சாம்பல், கையில் தண்டம் என்று வீட்டை விட்டுப் போன யோகிகளைப் பார்த்து, 'மனநிறைவே உன் குண்டலமாகட்டும், தியானமே சாம்பலாகட்டும், நம்பிக்கையே தண்டமாகட்டும்' என்கிறார் குரு. அதற்குப் பிறகுதான் மனத்தை வெல்லும் பேச்சு வருகிறது. வெளிவேடத்தால் ஆகாதது உள்ளே அடக்குமுறையால் மட்டும் ஆகிவிடுமா?

பிடிவாதத்தால் மனத்தை மடக்கும் முயற்சிக்கு 'மன்ஹட்' என்று பெயர். சீக்கியக் குருமார்கள் அதைத் திரும்பத் திரும்ப மறுக்கிறார்கள். ஜப்ஜியின் முதல் பௌரியே, இடைவிடாமல் மௌனத்தில் ஆழ்ந்திருந்தாலும் உள்ளே அமைதி வராது என்கிறது. குரு தேக் பகதூர் காரணத்தையும் சொல்லிவிடுகிறார்: இந்த மனம் பிடிபடாது, ஏனென்றால் அது ஆசையோடு குடியிருக்கிறது. எண்ணத்தைத் துரத்துவதால் பயனில்லை என்பது இதிலிருந்து புரியும். மனத்துக்கு ஆசையை விட நல்ல துணை ஒன்று வேண்டும். அந்தத் துணைதான் சபத், குருவின் சொல். குரு அமர்தாஸ் மனத்தைத் திட்டுவதே இல்லை. 'மனமே, நீ ஒளி வடிவானவன், உன் மூலத்தை அறிந்துகொள்' என்று அதனிடமே பேசுகிறார். திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' படித்தவர்களுக்கு இந்தத் தொனி அந்நியமாகத் தோன்றாது.

கேள்வி: நான் சீக்கியன் அல்ல, குர்முகி எழுத்தும் தெரியாது. தினசரிப் பயிற்சியை எப்படித் தொடங்குவது?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். 1945-இல் ஒப்புதல் பெற்ற சீக்கிய ஒழுக்க விதிநூல், விடியலுக்கு முந்தைய அம்ரித் வேளையில் எழுந்து குளித்து, 'வாஹேகுரு' என்னும் இறைநாமத்தை நினைக்கச் சொல்கிறது. ஓத வேண்டியவை: காலையில் ஜப்ஜி முதலானவை, மாலையில் ரெஹ்ராஸ், படுக்கும் முன் சோகிலா. இது முழு அளவு. முதல் நாளே இத்தனையையும் தலையில் ஏற்றிக்கொண்டால் சில வாரங்களில் எல்லாமே நின்றுபோகும்.

எழுந்து முகம், கை கால் கழுவி, தலையை மூடிக்கொண்டு, முதுகு நிமிர உட்காருங்கள். தரையிலா நாற்காலியிலா என்பது முக்கியமல்ல. ஜப்ஜியின் தொடக்கத்தில் வரும் மூல மந்திரத்தை நிதானமாக ஒருமுறை சொல்லுங்கள். பிறகு 10 நிமிடம் 'வாஹேகுரு'. உங்கள் காதுக்குக் கேட்கும் அளவுக்குக் குரல் இருந்தால் போதும். அதன் பிறகு ஜப்ஜியில் ஒரே ஒரு பௌரி, பொருளோடு. மறுநாள் அடுத்தது. மொத்தம் 38 பௌரிகள். ஒரு சுற்று முடிய ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அதற்குள் உச்சரிப்பு நாவில் படிந்துவிடும். பிறகு முழுவதையும் சேர்த்து ஓதினால் சுமார் 20 நிமிடம் பிடிக்கும். உச்சரிப்புக்கு ஒலிப்பதிவைக் கேட்டுப் பின்தொடருங்கள். தமிழ் எழுத்தில் பார்த்து மட்டும் படித்தால் க, ப, த மூன்றிலும் தடுமாறுவீர்கள்.

ஒன்று மட்டும். சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிப்பின் 1430 பக்க முழு வடிவத்தை ஆர்வத்தில் வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். சீக்கியர்களுக்கு அது வாழும் குரு. அதற்குத் தனி இடம், விதானம், தினமும் திறந்து மூடும் முறை எல்லாம் உண்டு. தினசரி ஓதலுக்கு நித்நேம் என்னும் அன்றாட ஓதல்களின் சிறுநூல் போதும். அதையும் தரையில் வைக்க வேண்டாம்.

கேள்வி: வாய் ஓதிக்கொண்டிருக்கிறது, மனம் அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. என்ன செய்வது?

பதில்: எல்லோருக்கும் நேர்வதுதான். ஆனால் அந்த நேரத்தில் பலரும் இரண்டு தவறு செய்கிறார்கள். ஒன்று, முதலிலிருந்து மறுபடி தொடங்குவது. அது தண்டனை போலாகி, ஓதலின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். இன்னொன்று, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று வேகத்தைக் கூட்டுவது. வேகம் கூடினால் நாக்கு பழக்கத்தில் தானே ஓடும், மனத்துக்கு வேலையே இருக்காது. அது வெளியே போகத்தான் போகும்.

கவனத்தை நாக்கிலிருந்து காதுக்கு மாற்றுங்கள். ஜப்ஜியில் 8 முதல் 11 வரை நான்கு பௌரிகள் 'கேட்டல்' பற்றியவை. அதற்குப் பிறகுதான் 12 முதல் 15 வரை 'மனத்தில் ஏற்றல்'. இந்த வரிசை தற்செயலானதல்ல. சொல்பவராக இருப்பதை விட்டு, உங்கள் குரலையே வேறொருவர் குரல் போலக் கேளுங்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு மூச்சு இடைவெளி விடுங்கள். மனம் போய்விட்டது தெரிந்ததும் எந்த வரியில் தெரிந்ததோ அங்கிருந்தே தொடருங்கள்.

குரு கிரந்த சாகிப்பில் உள்ள, மராட்டிய பக்தர் நாமதேவரின் பாடல் ஒன்று இதற்கு நல்ல விளக்கம். காற்றாடி விடும் சிறுவன் நண்பர்களோடு அரட்டை அடிக்கிறான், மனம் நூலில். தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள், மனம் குடத்தில். பசு தொலைவில் மேய்கிறது, மனம் கன்றிடம். தாய் வீட்டுக்குள்ளும் வெளியிலும் வேலை பார்க்கிறாள், மனம் தொட்டிலில். இவர்களில் ஒருவரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கவில்லை. ஆகவே காலை ஓதலில் ஒரே ஒரு வரியை எடுத்துவைத்துக்கொண்டு, படி ஏறும்போதும் வரிசையில் நிற்கும்போதும் உள்ளுக்குள் ஓட்டிப் பாருங்கள். காலையில் உட்காரும் 10 நிமிடத்துக்கு உரம் அங்கிருந்துதான் வரும்.

கேள்வி: மூச்சை அடக்க வேண்டுமா? ஜபமாலை கட்டாயமா?

பதில்: இரண்டும் இல்லை. மாலை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எண்ணிக்கையில் கண் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குக் கோபம் அதிகம். ஐந்து திருடர்களில் அதுவும் ஒன்று என்கிறார்களே, ஒழிக்க வழி?

பதில்: காமம், கோபம், பேராசை, பற்று, அகந்தை ஆகிய ஐந்தும் உடம்புக்குள்ளேயே இருந்து திருடுபவை என்கிறார் குரு அமர்தாஸ். உள்ளே யார் நுழைந்தது என்று வீட்டுக்காரர் விழித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. கோபம் வந்த பிறகு நாமம் சொல்லி அணைக்கப் பார்ப்பது கடினம். அது எங்கே தொடங்குகிறது, தாடையிலா, குரலிலா என்று கண்டுவையுங்கள். அந்த முதல் அடையாளம் தெரிந்தவுடன் பதில் பேசாமல் ஐந்தாறு மூச்சு வாஹேகுரு சொல்லுங்கள். குரு கிரந்த சாகிப்பில் பாடல்கள் இடம்பெற்ற சூஃபி ஞானி ஷேக் பரீத் ஒரு படி மேலே போய், தீமை செய்தவனுக்கும் நன்மை செய், மனத்தில் கோபத்தை ஏற்றாதே என்கிறார். அது உடனே கைவராது. திட்டியவருக்கு அன்றே ஒரு சின்ன உதவி செய்து பாருங்கள்.

கேள்வி: சில மாதமாகத் தவறாமல் ஓதுகிறேன். ஆனால் வீட்டில் யாராவது தொந்தரவு செய்தால் எரிச்சல் வருகிறது. 'இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று தோன்றுகிறது.

பதில்: நல்ல வேளை, கவனித்துவிட்டீர்கள். இதற்குப் பெயர் ஹௌமை, 'நான், எனது' என்னும் நினைப்பு. 'ஹௌமை நாள்பட்ட நோய், ஆனால் மருந்தும் அதற்குள்ளேயே இருக்கிறது' என்கிறார் குரு அங்கத். ஓதுவதாலேயே அது வளரவும் கூடும் என்பதால்தான் சிம்ரனை, அதாவது நாமத்தை நினைப்பதை, தனியே விடாமல் சேவையோடும் அடியார் கூட்டமான சங்கத்தோடும் கட்டிவைத்தார்கள். சீக்கியக் கோயிலான குருத்வாராவில் செருப்பு அடுக்குவது, அங்குள்ள பொதுச் சமையல்கூடமான லங்கரில் எச்சில் தட்டு கழுவுவது போன்ற வேலைகளை எவ்வளவு பெரிய மனிதரும் செய்வதற்குக் காரணம் இதுதான். குருத்வாரா பக்கத்தில் இல்லையென்றால், வீட்டில் யாரும் விரும்பாத வேலை ஒன்றை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள், யாரிடமும் சொல்லாமல். ஓதும் நேரத்தையும் மற்றவர்கள் எழும் முன் மாற்றிவையுங்கள். பாதித் தொந்தரவு அதிலேயே தீரும்.

கேள்வி: மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். சிம்ரன் தொடங்கினால் நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. ஹௌமை என்னும் நோயும் மருத்துவர் சொல்லும் மன அழுத்தமும் ஒன்றல்ல. மாத்திரையைக் குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவரிடம் கேட்டு மட்டுமே. ஐந்தாம் குரு, குரு அர்ஜன் காலத்திலேயே தரன் தாரனில் தொழுநோயாளிகளுக்குப் பராமரிப்பு இருந்தது. சிகிச்சையைத் தள்ளும் மரபல்ல இது. நீண்ட நேரம் தனியாகக் கண்மூடி உட்கார்ந்தால் துயர எண்ணங்கள் பெருகுகின்றன என்றால், கண்ணைத் திறந்தபடி 5 நிமிடம் கீர்த்தனை கேளுங்கள். முடிந்தால் நாலு பேரோடு உட்கார்ந்து கேளுங்கள்.